நாற்காலியைப் போட்டவர் யார்? ஆப்பிரிக்க அரசியலில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்கப் பெண்களின் அரசியல் என்று பேச்செடுத்தால் இரண்டு விதமான கேள்விகள் வரும். ஒன்று, "அங்கேயெல்லாம் பெண்களுக்கு ஏது உரிமை?" இன்னொன்று, ருவாண்டா உலகத்திலேயே முதலிடம் என்று எங்கோ படித்துவிட்டு, "அவர்களால் முடிகிறது, மற்றவர்களால் ஏன் முடியவில்லை?" இரண்டுக்கும் ஒரு வரியில் பதில் கிடையாது. எத்தனை நாற்காலி என்று எண்ணினால் மட்டும் போதாது. அதைப் போட்டவர் யார், எழுந்திரு என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் என்றும் கேட்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன.

ஆப்பிரிக்காவில் பெண்கள் அரசியலில் பின்தங்கித்தானே இருக்கிறார்கள்?

எந்த நாட்டைக் கேட்கிறீர்கள்? ருவாண்டாவின் கீழவையில் 80 பேரில் 51 பேர் பெண்கள். நைஜீரியாவின் கீழவையில் 360 இடங்கள். அதில் பெண்கள் 5 சதவீதம்கூட இல்லை. இரண்டும் ஒரே கண்டத்தில்தான் இருக்கின்றன. 54 நாடுகளை ஒரே மூட்டையில் கட்டிப் பேசுவதுதான் முதல் தவறு. மதம், வறுமை, படிப்பு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்களும் இங்கே சரியாகப் பொருந்துவதில்லை. நைஜீரியாவில் எண்ணெய்ப் பணம் உண்டு, படித்த பெண்கள் ஏராளம், உலகமே அறிந்த பெண் ஆளுமைகளும் உண்டு. வித்தியாசம் தேர்தல் விதிகளில் இருக்கிறது.

ருவாண்டா எப்படி இந்த இடத்துக்கு வந்தது?

1994 இனப்படுகொலைக்குப் பிறகு உயிரோடு எஞ்சியவர்களில் பெண்களே அதிகம். ஆண்கள் கொல்லப்பட்டிருந்தார்கள், சிறையில் இருந்தார்கள், அல்லது எல்லை தாண்டி ஓடியிருந்தார்கள். பிணங்களைப் புதைத்ததும், வீடுகளுக்குக் கூரை போட்டதும், அடுத்த வீட்டு அநாதைக் குழந்தைகளையும் சேர்த்து வளர்த்ததும் பெண்கள்தான். ஆனால் அவர்கள் உழுத நிலம் அவர்களுடையது இல்லை. பழைய வழக்கப்படி கணவன் இறந்தால் நிலம் அவன் சகோதரர்களுக்குப் போகும். மகளுக்குப் பங்கு கிடையாது. பெண் உறுப்பினர்கள் 1996இல் நாடாளுமன்றத்துக்குள் கட்சி பேதமின்றி ஒரு மன்றம் அமைத்தார்கள். 1999இல் மகளுக்கும் சொத்துரிமை தரும் சட்டம் வந்தது. ஒதுக்கீடு வந்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

2003 அரசியலமைப்பு, முடிவெடுக்கும் அமைப்புகள் அனைத்திலும் குறைந்தது 30 சதவீதம் பெண்கள் என்றது. 80 இடங்களில் 53 கட்சிப் பட்டியல் வழியாக நிரம்பும்; அதாவது கட்சி வாங்கிய வாக்குக்கு ஏற்ப, அது தந்த பட்டியலிலிருந்து ஆட்கள் வருவார்கள். 24 இடங்களில் பெண்கள் மட்டுமே போட்டியிடலாம். அவர்களைத் தேர்ந்தெடுப்பது உள்ளாட்சி மன்றத்தினரும் பெண்கள் குழுவினரும். இளைஞர்களுக்கு 2, மாற்றுத்திறனாளிகளுக்கு 1. அந்த 24 பேர் மட்டுமே 30 சதவீதத்தைத் தொட்டுவிடுவார்கள். பட்டியல் வழியாகவும் பெண்கள் வரவே, 2003இல் 48.8 ஆக இருந்த சதவீதம் 2008இல் 56ஐத் தாண்டியது. பெண்கள் பெரும்பான்மையாக அமர்ந்த முதல் நாடாளுமன்றம் உலகிலேயே அதுதான். 2013இல் 63.8, 2024இலும் அதே அளவு.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? ஆட்சிக்கு வந்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் தலைவர்கள் பலர் உகாண்டாவில் அகதிகளாக வளர்ந்தவர்கள். மாவட்டத்துக்கு ஒரு பெண் உறுப்பினர் என்ற உகாண்டாவின் ஏற்பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள்.

அப்படியானால் ருவாண்டா பெண்களின் சொர்க்கமா?

2009இல் அந்த நாடாளுமன்றம் ஒரு தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை 12 வாரம் முழுச் சம்பளத்தோடு இருந்த மகப்பேறு விடுப்பில் முழுச் சம்பளம் 6 வாரமாகக் குறைந்தது. மீதி வாரங்களுக்குச் சம்பளத்தில் 20 சதவீதம்தான். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருந்தும் இது நிறைவேறியது! பிறகு 2016இல் காப்பீட்டுத் திட்டம் ஒன்று கொண்டுவந்து சரிசெய்தார்கள். அதே அவைதான் 2008இல் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான சட்டத்தை முன்னெடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதிபர் பால் ககாமே 2000 முதல் பதவியில் இருக்கிறார். 2024 தேர்தலில் 99 சதவீத வாக்கு. அவரை எதிர்த்து நிற்க முயன்ற டயான் ருவிகாராவின் வேட்புமனு 2017இலும் 2024இலும் தள்ளுபடியானது. எதிர்க்கட்சித் தலைவர் விக்டோர் இங்கபிரே எட்டு ஆண்டு சிறையில் இருந்தார். இருவரும் பெண்கள்தான். பெண்களுக்குக் கதவு அகலத் திறந்திருக்கிறது. அதற்குள் நுழைந்தபின் கட்சிக்கு எதிராகக் குரல் எழுப்பினால் மட்டும் கதவு இல்லை என்பது என் வாசிப்பு. இதனால் ஒதுக்கீடே பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. தன் பெயரில் நிலப்பட்டா வைத்திருக்கும் ருவாண்டா விதவையிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஒதுக்கீடு எல்லா நாட்டிலும் ஒரே மாதிரியா?

இல்லை. மூன்று நாடுகளைப் பார்க்கலாம்.

உகாண்டாவில் 1989இல் மாவட்டத்துக்கு ஒரு பெண் என்று தொடங்கினார்கள். மாவட்டங்கள் பெருகப் பெருக நாற்காலிகளும் பெருகின. 2021 தேர்தலில் 146 மாவட்டப் பெண் இடங்கள். புது மாவட்டம் பிறந்தால் புது நாற்காலி, புது நாற்காலிக்குப் புது நன்றிக்கடன். அதிபர் முசெவேனி 1986 முதல் பதவியில் இருப்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள். 1998இல் அங்கே நடந்ததை இப்போது படித்தாலும் ஆத்திரம் வரும். குடும்ப நிலத்தில் மனைவிக்கும் கூட்டுரிமை தரும் ஒரு பிரிவுக்காக மிரியா மடெம்பே உள்ளிட்ட பெண் உறுப்பினர்கள் போராடினார்கள். அவை அதை ஏற்றுக்கொண்டது. அச்சாகி வந்த நிலச் சட்டத்தைப் புரட்டினால் அந்தப் பிரிவைக் காணோம்! 'காணாமல் போன பிரிவு' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதை எடுக்கச் சொன்னது தான்தான் என்று அதிபரே பின்னர் ஒப்புக்கொண்டார். அதிபரின் பதவிக்கால வரம்பை நீக்கும் முயற்சியை எதிர்த்த மடெம்பே 2003இல் அமைச்சர் பதவியை இழந்தார். நாற்காலி போட்டவர் எழுந்திரு என்றார், அவ்வளவுதான்.

செனகல் வேறு வழியில் போனது. 2010 சட்டப்படி கட்சிப் பட்டியலில் ஆண், பெண், ஆண், பெண் என்று மாறி மாறி வர வேண்டும். இல்லையென்றால் பட்டியலே செல்லாது. 2012இல் 150 இடங்களில் 64 பெண்கள் வந்தார்கள். இங்கே பெண்ணுக்கென்று தனி நாற்காலி இல்லை, எல்லோருக்கும் ஒரே வரிசைதான். ஆனாலும் 2014 உள்ளாட்சித் தேர்தலில் புனித நகரமான தூபாவில் ஆண்கள் மட்டுமே உள்ள பட்டியல் போட்டியிட்டு வென்றது. சட்டம் போக முடியாத தெருக்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன.

கென்யாவின் கதை அடுத்த கேள்வியில்.

கென்யாவில் நாடாளுமன்றத்தையே கலைக்கச் சொன்னார்களாமே, உண்மையா?

உண்மை. 2010 அரசியலமைப்பு மிக எளிமையான ஒரு விதியைப் போட்டது: தேர்ந்தெடுக்கப்படும் எந்த அவையிலும் ஒரே பாலினத்தவர் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எப்படி நிறைவேற்றுவது என்று மட்டும் எழுதவில்லை; அதற்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். ஆண்கள் நிறைந்த அவை, ஆண்களைக் குறைக்கும் சட்டத்தைத் தானே இயற்ற வேண்டும் என்றால் என்ன நடக்கும்? தேர்தல் நெருங்கியபோது பிரச்சினை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2012 டிசம்பரில் நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 27 வரை கெடு கொடுத்தது. கெடு போனது. மசோதாக்கள் வந்தன; வாக்கெடுப்பு நாளில் தேவையான எண்ணிக்கையில் உறுப்பினர்கள் அவைக்கே வராமல் இருந்து அவற்றைச் சாகடித்தார்கள். எதிர்த்துப் பேசினால்தானே பழி?

2020 செப்டம்பர் 21 அன்று தலைமை நீதிபதி டேவிட் மராகா, நாடாளுமன்றத்தைக் கலைக்குமாறு அதிபர் உஹுரு கென்யாட்டாவுக்கு அறிவுரை அனுப்பினார். அரசியலமைப்பில் அதற்கு இடம் இருந்தது. அதிபர் கலைக்கவில்லை. 2022இல் அடுத்த தேர்தல் வழக்கம்போல் நடந்தது.

இதற்கிடையே மாவட்டத்துக்கு ஒருவராக 47 பெண் பிரதிநிதிகள் உண்டு. அவர்களால் நன்மையும் உண்டு, ஒரு தொல்லையும் உண்டு. பொதுத் தொகுதியில் ஒரு பெண் நின்றால், "உங்களுக்குத்தான் தனி இடம் இருக்கிறதே, அங்கே போய் நில்லுங்கள்" என்கிறார்கள். 2017இல் 290 பொதுத் தொகுதிகளில் பெண்கள் வென்றவை 23 மட்டுமே. ஆனால் அதே தேர்தலில்தான் கென்யாவின் முதல் 3 பெண் ஆளுநர்கள் வந்தார்கள். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்கில் வென்று மாவட்டத்தை ஆள்பவர். 2022இல் 7 பேர். ஆளுநர் பதவிக்கு ஒதுக்கீடு எதுவும் கிடையாது. கையில் வரவு செலவு வைத்திருக்கும் பதவி அது. கென்யாவில் எனக்கு நம்பிக்கை தருவது இந்த எண்தான்.

பெண்ணுரிமை என்பதே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது இல்லையா?

இதைக் கேட்பவர்கள் தென்கிழக்கு நைஜீரியாவின் 1929ஐப் படிக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசு தான் விரும்பியவர்களை 'வாரண்ட் தலைவர்கள்' என்று நியமித்து ஆண்களிடம் வரி வசூலித்துக்கொண்டிருந்தது. ஒலோகோ என்ற ஊரில் கணக்கெடுக்க வந்தவன் பாமாயில் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு விதவையிடம் ஆட்டையும் ஆட்களையும் எண்ணச் சொன்னான். "உன் அம்மாவை எண்ணினார்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அடுத்தது பெண்களுக்கும் வரி என்று செய்தி பரவியது. பனையோலை கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போக, ஆயிரக்கணக்கான இக்போ, இபிபியோ இனப் பெண்கள் திரண்டார்கள். தவறு செய்த ஆணின் வீட்டைச் சூழ்ந்துகொண்டு இரவு பகலாகப் பாடியும் ஆடியும் ஏசியும் அவனை வெளியே தலைகாட்ட விடாமல் செய்வது அவர்களிடம் இருந்த பழைய தண்டனை. அதையே வாரண்ட் தலைவர்கள் மீது பிரயோகித்தார்கள். படை சுட்டது, 50க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். வாரண்ட் தலைவர் முறையை அரசு மாற்ற வேண்டி வந்தது.

சந்தையைப் பார்த்துக்கொள்ளவும் பெண்களின் வழக்குகளைத் தீர்க்கவும் அங்கே பெண்களுக்கென்றே சபைகள் இருந்தன. காலனி அரசின் கண்ணுக்கு அவை படவே இல்லை. ஆண் தலைவனை மட்டும் பார்த்து, அவனோடு மட்டும் பேசி, அவனுக்கு மட்டும் சீட்டு எழுதிக்கொடுத்தது. வெள்ளைக்காரர்கள் எதையாவது கொண்டுவந்தார்கள் என்றால் அதைத்தான்.

இருபது ஆண்டு கழித்து மேற்கு நைஜீரியாவின் அபெயோகுட்டாவில் ஃபன்மிலாயோ ரான்சம்-குட்டி சந்தைப் பெண்களைத் திரட்டினார். படித்த மாதர்களின் சங்கமாக இருந்ததைக் கூடைக்காரிகளின் சங்கமாக மாற்றினார். வரிக்கொடுமைக்குத் துணைபோன அலாகே என்ற பட்டம் கொண்ட அரசர் 1949இல் அரண்மனையை விட்டுப் போக வேண்டியதாயிற்று.

லைபீரியாவில் பெண்கள் போரை நிறுத்தினார்கள் என்கிறார்களே?

அவர்கள் மட்டுமே நிறுத்தினார்கள் என்று சொன்னால் மிகை. போர்க்களத்தில் கிளர்ச்சிப் படைகள் தலைநகரை நெருங்கியிருந்தன, வெளிநாட்டு நெருக்கடியும் இருந்தது. ஆனால் அவர்கள் இல்லாமல் 2003இல் அந்தப் பேச்சுவார்த்தை அந்த வேகத்தில் முடிந்திருக்காது.

மன்ரோவியாவில் மீன் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் வெள்ளை உடுத்திய பெண்கள் தினமும் வந்து உட்கார்ந்தார்கள். அதிபர் சார்லஸ் டெய்லரின் கார் போகும் பாதை அது. வெயிலிலும் மழையிலும் கிறித்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்தது அந்த நாட்டுக்குப் புதிது. முன்னின்றவர் லேமா போவி என்ற சமூகப் பணியாளர். கணவர்களோடு படுக்க மாட்டோம் என்ற அறிவிப்பைத்தான் வெளிநாட்டுப் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. நடைமுறையில் அதனால் பெரிய பலன் இல்லை, ஆனால் செய்தியாளர்களை வரவழைத்தது என்று போவியே பின்னாளில் சொன்னார். உண்மையான வேலை அந்த மைதானத்தில் நடந்தது.

பேச்சுவார்த்தை கானாவின் அக்ராவில் வாரக்கணக்கில் இழுத்தது. ஊரில் குண்டு விழ, தலைவர்களோ ஓட்டல் அறையில் நிம்மதியாக இருந்தார்கள். ஜூலையில் பெண்கள் மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, ஒப்பந்தம் ஆகும்வரை ஒருவரும் வெளியே போகக் கூடாது என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது போவி தன் துணியை அவிழ்க்கத் தொடங்கினார். காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் டெய்லர் பதவி விலகினார், ஒப்பந்தம் கையெழுத்தானது.

2005 தேர்தலுக்கு அந்தப் பெண்களே சந்தை சந்தையாகப் போய்ப் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார்கள். கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் வேயாவைத் தோற்கடித்து எலன் ஜான்சன் சர்லீஃப் வென்றார். மக்கள் வாக்கில் ஆப்பிரிக்க நாடு ஒன்றின் தலைவரான முதல் பெண் அவர். 2011இல் சர்லீஃபும் போவியும் ஏமனின் தவக்குல் கர்மானோடு நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மறு ஆண்டே போவி, அதிபர் தன் மகன்களுக்குப் பதவி கொடுப்பதைக் கண்டித்து, தான் வகித்த அரசுப் பொறுப்பிலிருந்து விலகினார். போவிக்கு நாற்காலியைப் போட்டது மீன் சந்தை, அதனால் எழுந்துபோக அவருக்குத் தயக்கம் இல்லை.

சர்லீஃப் இரண்டு தவணை ஆட்சி செய்து இறங்கியபோது 73 பேர் கொண்ட கீழவையில் பெண்களின் எண்ணிக்கை பத்தைத் தொடவில்லை.

துணியை அவிழ்த்தால் காவலர்கள் ஏன் பயப்பட வேண்டும்?

தாய் வயதுள்ள பெண் ஆண்களின் முன் வேண்டுமென்றே நிர்வாணமாவது மேற்கிலும் கிழக்கிலும் ஆப்பிரிக்காவின் பல சமூகங்களில் மிகக் கடுமையான சாபம். 'நீ வெளியே வந்த இடத்தைப் பார், இனி உனக்கு விளங்காது' என்று பொருள். 1992இல் நைரோபியின் உஹுரு பூங்காவில் அரசியல் கைதிகளின் தாய்மார்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். சுற்றுச்சூழல் போராளி வங்காரி மாத்தாயும் அவர்களோடு இருந்தார். போலீஸ் தடியோடு பாய்ந்தபோது சில தாய்மார்கள் அதையே செய்தார்கள். மண்ணை வாரித் தூற்றிச் சாபமிடும் நம் ஊர்க் கிழவியை அறிந்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது.

நைஜீரியாவில் ஏன் இவ்வளவு குறைவு?

மூன்று காரணங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. முதலாவது, ஒதுக்கீடு கிடையாது. இரண்டாவது பணம்: 2022இல் அதிபர் வேட்பாளராக விரும்பியவர்களுக்கு ஆளுங்கட்சி வைத்த படிவக் கட்டணம் 10 கோடி நைரா. பெண்களுக்குச் சலுகை உண்டு. படிவம் வாங்கிய பிறகு ஆகும் செலவுக்குச் சலுகை கிடையாது.

மூன்றாவது 'மண்ணின் மைந்தர்' விதி. அங்கே ஒவ்வொருவரும் ஏதோ ஒரு மாநிலத்தின், ஊரின் பூர்விகர். திருமணமான பெண் எந்த ஊர்? பிறந்த ஊரில் நின்றால், "கட்டிக்கொடுத்தாயிற்று, அங்கே போ" என்பார்கள். புகுந்த ஊரில் நின்றால், "நீ வந்தவள்தானே?" அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு அலைவதில் தொடங்கி வேட்புமனு வரை இந்தத் தொல்லை தொடரும்.

2022 மார்ச் 1 அன்று பெண்களுக்குக் கூடுதல் இடங்கள், கணவன் ஊரில் பூர்விக உரிமை, வெளிநாட்டுக் கணவனுக்குக் குடியுரிமை எனப் பல அரசியலமைப்புத் திருத்தங்கள் வாக்குக்கு வந்தன. எல்லாம் தோற்றன. மறுநாளிலிருந்து அபுஜாவில் நாடாளுமன்ற வாசலில் பெண்கள் உட்கார்ந்தார்கள். சிலவற்றை மறுபரிசீலனை செய்வதாகக் கீழவை அறிவித்தது. அத்தோடு சரி. வடக்கு நைஜீரியப் பெண்களுக்கு வாக்குரிமையே 1976இல்தான் கிடைத்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஐ.நா.வில் ஆப்பிரிக்கப் பெண்களின் பங்கு என்ன? உதவி பெறுபவர்கள்தானே?

இந்தப் படம் நம் மனதில் எப்படிப் பதிந்ததோ தெரியவில்லை. 1945இல் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்ட பெண்கள் நால்வர்: பிரேசில், டொமினிக்கன் குடியரசு, அமெரிக்கா, சீனா. அந்த நால்வரில் ஆப்பிரிக்கர் எவரும் இல்லை. அன்று கண்டத்தின் பெரும்பகுதி அடிமைப்பட்டிருந்தது. நாடுகள் விடுதலை பெற்ற வேகத்தில் பெண்களும் வந்தார்கள். பொதுச்சபைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் 1953இல் விஜயலட்சுமி பண்டிட் என்று நமக்குத் தெரியும். இரண்டாமவர் 1969இல் லைபீரியாவின் ஆஞ்சி புரூக்ஸ். பாதுகாப்புச் சபையின் தலைவர் இருக்கையில் முதலில் அமர்ந்த பெண் கினியாவின் ஜான் மார்ட்டின் சிசே, 1972இல். 1985இல் உலகப் பெண்கள் மாநாடு நைரோபியில் கூடியது. 1995 பெய்ஜிங் மாநாட்டின் செயலாளர் நாயகம் தான்சானியாவின் கெர்ட்ரூட் மொங்கெல்லா. அவரே 2004இல் அனைத்து ஆப்பிரிக்க நாடாளுமன்றத்தின் முதல் தலைவரானார்.

அமைதிப் பேச்சுகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்ற பாதுகாப்புச் சபையின் 1325ஆம் தீர்மானம் 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேறியது. அந்த மாதம் தலைமை நமீபியாவிடம் இருந்தது. அதற்கு அடித்தளமான அறிக்கையும் அதே ஆண்டு மே மாதம் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக்கில்தான் எழுதப்பட்டது. அப்போது அந்நாட்டின் பெண்கள் விவகாரத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நெதும்போ நந்தி-என்டைட்வா. 2025 மார்ச்சில் அவர் நமீபியாவின் அதிபரானார்.

உலக வர்த்தக நிறுவனத்தின் தலைவர் 2021 முதல் நைஜீரியாவின் எங்கோசி ஒகோஞ்சோ-இவேலா. சொந்த நாட்டு நாடாளுமன்றத்தில் பெண்கள் ஐந்து சதவீதம்கூட இல்லை, உலக அமைப்பின் உச்சியில் அந்த நாட்டுப் பெண்! நாற்காலியைப் போட்டவர்கள் வேறு.

மாபுட்டோ நெறிமுறை என்றால் என்ன?

பெண்கள் உரிமைக்கென ஆப்பிரிக்க ஒன்றியம் 2003 ஜூலை 11 அன்று மொசாம்பிக்கின் மாபுட்டோவில் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தம். 15 நாடுகள் ஒப்புதல் தந்ததும் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று 55 உறுப்பு நாடுகளில் 40க்கும் மேற்பட்டவை அதில் இருக்கின்றன. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்க ஐ.நா. 1979இல் கொண்டுவந்த சீடா உடன்படிக்கையைவிட இது பல இடங்களில் துணிச்சலானது. பெண் உறுப்புச் சிதைப்பைப் பெயர் சொல்லித் தடை செய்கிறது. குறிப்பிட்ட சூழல்களில் கருக்கலைப்பை உரிமையாகச் சொல்கிறது. ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் அதை வெளிப்படையாக எழுதியது அதுவே முதன்முறை. 9ஆம் பிரிவு அரசியலில் சமபங்கு கேட்கிறது.

காகிதம்தானே என்று கேட்பீர்கள். பாதி உண்மை. மாலி நாட்டைப் பாருங்கள். 2009இல் நாடாளுமன்றம் முற்போக்கான குடும்பச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மத அமைப்புகள் பெருங்கூட்டம் கூட்டி எதிர்க்கவே அதிபர் திருப்பி அனுப்பினார். 2011இல் வந்த சட்டத்தில் பெண்ணின் திருமண வயது 16, ஆணுக்கு 18, வாரிசுரிமையிலும் பாகுபாடு. இரண்டு அமைப்புகள் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போயின. 2018 மே மாதம், மாலி மாபுட்டோ நெறிமுறையை மீறிவிட்டது என்று தீர்ப்பு வந்தது. ஒரு நாடு இந்த நெறிமுறையை மீறியதாக அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதுவே முதல்முறை. சட்டத்தைத் திருத்த வேண்டியது மாலி அரசு. ஆப்பிரிக்க நீதிமன்றத்திடம் போலீஸ் கிடையாது.

இதில் தமிழர்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. நவநீதம் பிள்ளை. டர்பனில் 1941இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பேருந்து ஓட்டுநர். நிறவெறி ஆட்சியில் எந்தச் சட்ட நிறுவனமும் வேலை தராததால் 1967இல் தானே அலுவலகம் திறந்தார். நட்டால் மாகாணத்தில் வெள்ளையரல்லாத பெண் ஒருவர் அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 1995இல் ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் நீதிபதியானார். தொடக்கத்தில் அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி.

அக்காயேசு என்ற மேயர் மீதான வழக்கில் முதலில் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டே இல்லை. ஒரு பெண் சாட்சி வேறு எதையோ சொல்லிக்கொண்டு வந்தவர், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். அமர்வில் இருந்தவர்கள் மேற்கொண்டு கேட்டார்கள். 1997இல் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று, பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று உலகில் முதன்முறையாகத் தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகளில் ஒரு பெண் இருந்தது தற்செயல் என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. பின்னர் 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த அவரை ஈழத்தமிழர்கள் வேறொரு காரணத்துக்காக நன்றாகவே அறிவார்கள்.

பெண் தலைவர் வந்தால் ஆட்சி நல்லதாகிவிடுமா?

அதே ருவாண்டா நீதிமன்றம் 2011இல் பவுலின் நீராமசுஹுகோ என்பவரை இனப்படுகொலைக்கும், பாலியல் வன்கொடுமையைத் தடுக்காமல் அதற்குப் பொறுப்பானதற்கும் தண்டித்தது. 1994இல் அவர் வகித்த பதவி: குடும்ப நலம், பெண்கள் மேம்பாட்டு அமைச்சர். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று: தான்சானியாவின் சாமியா சுலுஹு ஹசன் 2021இல் அதிபர் இறந்ததால் பதவிக்கு வந்தார், தொடக்கத்தில் கெடுபிடியைத் தளர்த்தினார். 2025 தேர்தல் நடந்தபோது முக்கிய எதிர்க்கட்சித் தலைவர் தேசத்துரோக வழக்கில் சிறையில் இருந்தார். நல்லவராக இருந்தால்தான் பெண்ணுக்குப் பதவி என்பதும் அநியாயம்தான். ஆண்களுக்கு அப்படி ஒரு நிபந்தனையை யார் போட்டார்கள்?

ஒருமுறை கிடைத்த இடம் பறிபோகுமா?

போகும். 2011 புரட்சிக்குப் பின் துனிசியா கட்சிப் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வர வேண்டும் என்றது. 2018 உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள். தலைநகர் துனிசுக்கு முதல் பெண் மேயர். 2021இல் அதிபர் கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கினார். அரபு உலகின் முதல் பெண் பிரதமரை நியமித்துப் பாராட்டும் வாங்கிக்கொண்டார். மறு ஆண்டு அவரே ஆணை மூலம் தேர்தல் சட்டத்தை மாற்றினார்: பட்டியல் போய்த் தனிநபர் போட்டி வந்தது, சமபங்கு விதி போனது. பெண் உறுப்பினர்களின் அளவு வெகுவாகச் சரிந்தது. அந்தப் பிரதமரையும் 2023இல் நீக்கிவிட்டார்.

காம்பியாவில் வேறு முடிவு. பெண் உறுப்புச் சிதைப்புக்கு 2015இல் விதித்த தடையை நீக்கும் மசோதா 2024 மார்ச்சில் அவையில் முன்னேறியது. 58 உறுப்பினர்களில் பெண்கள் 5 பேர். சிதைப்புக்கு ஆளான பெண்கள் வெளிப்படையாகப் பேசினார்கள், மருத்துவர்கள் குழுமுன் சாட்சி சொன்னார்கள். ஜூலையில் மசோதா தோற்றது.

ஐ.நா. செயலாளர் நாயகமாகப் பெண் யாராவது இருந்திருக்கிறார்களா?

இல்லை. இதுவரை ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்கள். 2016இல் 13 வேட்பாளர்களில் 7 பேர் பெண்கள். பாதுகாப்புச் சபை கூடி அன்டோனியோ குட்டெரெசைத் தேர்ந்தெடுத்தது. நாடுகளுக்கெல்லாம் சமபங்கு உபதேசிக்கும் வீடு அது.

கைக்குழந்தையோடு நாடாளுமன்றத்துக்குப் போகலாமா?

கென்யாவில் 2019 ஆகஸ்டில் ஒருவர் போனார். குவாலே மாவட்டத்தின் பெண் பிரதிநிதி சுலைக்கா ஹசன். வீட்டில் அவசரம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை; ஐந்து மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவைக்குள் வந்தார். ஆண் உறுப்பினர்கள் கூச்சலிட்டார்கள். அவை விதிப்படி உறுப்பினரல்லாத எவரும் 'அந்நியர்' என்பதால் வெளியேறுமாறு அவைத் தலைமையில் இருந்தவர் உத்தரவிட்டார். குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பி வரலாம் என்றார். வேறு சில பெண் உறுப்பினர்களும் அவரோடு எழுந்து வெளியே போனார்கள். நாடாளுமன்ற வளாகத்தில் குழந்தைகளுக்கென ஓர் அறை அமைப்பதாக அந்த அவை முன்பே ஒப்புக்கொண்டிருந்தது. அறை இன்னும் வந்திருக்கவில்லை.